பாஸ் பிடிக்க எந்த ராடு, எந்த ரீல்?

டல்லாஸ் பக்கத்தில் உள்ள பெரிய மீன்பிடிக் கடை ஒன்றில், ராடுகள், அதாவது தூண்டில் கோல்கள், வரிசையாக நிற்கும் சுவருக்கு முன்னால் முதன்முறை போய் நிற்பவருக்குக் கையில் 200 டாலர் இருந்தாலும் எதை எடுப்பதென்று புரியாது. ஆறரை அடி, ஏழு அடி, ஏழேகால் அடி என்று நீளம் ஒரு பக்கம், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று வலு ஒரு பக்கம், இவை போதாதென்று தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல்களின் பெட்டிகள் மேல் 6.3:1, 7.4:1, 8.1:1 என்று எண்கள் வேறு. எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை கிராம் எடையுள்ள இரையை, எந்த மாதிரித் தண்ணீரில் எறியப் போகிறீர்கள்? இதற்கு விடை தெரிந்துவிட்டால் அந்தச் சுவரில் பெரும்பகுதியைப் பார்க்காமலே கடந்துவிடலாம்.

இங்கே பாஸ் என்பது லார்ஜ்மவுத் பாஸ் என்னும் நன்னீர் மீன். நம் ஊர்க் கொடுவாவையும் ஆங்கிலத்தில் கடல் பாஸ் என்பார்கள். பெயர் ஒன்றாக இருக்கிறதே தவிர இரண்டுக்கும் உறவில்லை. லார்ஜ்மவுத் துரத்தித் துரத்தி வேட்டையாடும் மீன் அல்ல. பாசிக்குள்ளும் மரக்கட்டை அடியிலும் படகுத்துறை நிழலிலும் பதுங்கியிருந்து, பக்கத்தில் வருவதை வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். தூண்டில் முள் பட்டதும், கடல் மீனைப் போல நூறு கெஜம் ஓடாமல், வந்த புதருக்குள்ளேயே திரும்பப் புகப் பார்க்கும். ஆகவே நமக்கு வேண்டியவை இரண்டு: குறி வைத்த இடத்தில் இரையை விழவைக்கும் வசதி, முதல் சில நொடிகளில் மீனைப் புதரிலிருந்து பிய்த்து வெளியே கொண்டுவரும் வலு. இதன் உலக சாதனை எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ்; 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது, 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா அதற்குச் சமமாகப் பிடித்தார். அந்த எடையை மனத்தில் வைத்துக்கொண்டு யாரும் கருவி வாங்க வேண்டாம். குடியிருப்புக் குளங்களில் நம் கையில் வருவது பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு பவுண்டு வரைதான்.

ரீல்களில் மூன்று வகை. அவற்றுள் ஸ்பின்காஸ்ட் எனப்படும் மூடிய மூக்கு ரீலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகுண்டு செய்துகொண்டிருந்த ஒக்லஹோமா நிறுவனம் ஒன்று 1949இல் செய்யத் தொடங்கிய ரீல் அது. ஜீரோ அவர் பாம் கம்பெனி என்ற அந்தப் பெயரின் சுருக்கமே இன்றும் கடைகளில் தொங்கும் ஜெப்கோ. பொத்தானை அழுத்தி, வீசி, விட்டால் போதும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் நரம்பு மூடிக்குள் உரசிச் செல்வதால் தூரம் குறையும், மூடிக்குள் சிக்கினால் கழற்றித்தான் பார்க்க வேண்டும், மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் இழுவிசைப் பிடிப்பும் நுணுக்கமானதல்ல. பெரியவர்களுக்கு உண்மையான போட்டி ஸ்பின்னிங் ரீலுக்கும் பெய்ட்காஸ்டருக்கும் இடையில்தான்.

இவை இரண்டின் வேறுபாட்டைத் தையல் நூலை வைத்துச் சொல்லலாம். நூல்கண்டை மேசைமேல் நிறுத்திவைத்து மேல்முனை வழியாக நூலை உருவினால் கண்டு அசையாது. நூல் வளையம் வளையமாகக் கழன்று வரும். அதுவே ஸ்பின்னிங் ரீல். அதே கண்டை ஒரு கம்பியில் கோத்து நூலைப் பக்கவாட்டில் இழுத்தால் கண்டு சேர்ந்து சுழலும். இழுப்பதை நிறுத்திய பிறகும் சற்று நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். அதுவே பெய்ட்காஸ்டர். நன்மை, தொல்லை எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கின்றன.

ஸ்பின்னிங் ரீலில் இரை எதையும் சுழற்ற வேண்டியதில்லை என்பதால் மூன்று கிராம் இரையும் நன்றாகப் பறக்கும், எதிர்க்காற்றிலும் அவ்வளவாகச் சிக்கு விழாது, படகுத்துறைப் பலகைக்கு அடியில் தண்ணீரைத் தட்டித் தட்டி இரையைச் செலுத்துவதும் எளிது. கைப்பிடியைக் கழற்றி இடப்பக்கமோ வலப்பக்கமோ மாட்டிக்கொள்ளலாம். குறை என்னவென்றால், நரம்பு ஓர் உருளையில் ஏறக்குறைய செங்கோணமாகத் திரும்பி, நரம்பு சுற்றியிருக்கும் சுருளில் ஏறுகிறது. அதனால் முறுக்கு ஏறும், பெரிய பாரத்தை வெறும் சுழற்றலால் இழுப்பது கடினம், தடித்த நரம்பு சுருளிலிருந்து தானாகவே குதித்துக் கழலும். முறுக்கைக் குறைக்க ஒரு பழக்கம் போதும்: எறிந்ததும், நரம்பைச் சுருளுக்கு வழிநடத்தும் வளைகம்பியைக் கைப்பிடி சுற்றி மூடாமல் விரலால் மூடி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டுப் பிறகு சுற்ற வேண்டும். சுருளின் விளிம்புவரை நரம்பை நிரப்பாமல் மூன்று மில்லிமீட்டர் போல இடம் விட்டால் பாதித் தொல்லை அப்போதே தீரும்.

பெய்ட்காஸ்டர் வேறு சாதி. கென்டக்கியில் கடிகாரம் செய்தவர் ஒருவர், ஜார்ஜ் ஸ்னைடர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமக்கென்று செய்துகொண்ட பல்சக்கர ரீலின் வழிவந்தது இது. கடிகாரக்காரர் கைவேலை என்பது இதைத் திருத்த உட்காரும் ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும். சுருள் மேல் கட்டைவிரல் இருப்பதால் இரை பறக்கும்போதே அதை மெல்லத் தடுத்து, ஒரு மரக்கட்டைக்கு அரை அடி முன்னால் சத்தமில்லாமல் இறக்கலாம். 15, 20 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பும் 50 பவுண்டு பின்னல் நரம்பும் எந்தக் குறும்பும் செய்யாமல் உட்காரும். நரம்பு நேராகச் சுருளில் ஏறுவதால் பாசியோடு சேர்த்து மீனை இழுத்துவர முடியும். ஆனால் பத்து கிராமுக்குக் குறைந்த இரை, சாதாரணச் சுருளைச் சுழற்றவே திணறும்.

எறிந்த கணத்தில் இரை சுருளை வேகமாகச் சுழற்றிவிடுகிறது. பிறகு காற்றின் தடையால் இரை வேகம் குறைகிறது. சுருளோ அது தெரியாமல் பழைய வேகத்திலேயே சுற்றுகிறது. வெளியே போக வழியில்லாத நரம்பு சுருள் மேலேயே வளையம் வளையமாகப் பொங்கி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பூட்டிக்கொள்கிறது. அமெரிக்கர்கள் பறவைக்கூடு என்று கேலி செய்வது இதைத்தான். நான் வாங்கிய முதல் பெய்ட்காஸ்டரில் முதல் நாள் மாலை ஏழெட்டு எறிதல்தான் நடந்தது; மற்ற நேரம் முழுவதும் குளக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டுச் சாவி முனையால் நரம்பை நெம்பிக்கொண்டிருந்தேன். பிற்பாடு கற்ற வழி இது: சிக்கின் மேல் கட்டைவிரலை நன்றாக அழுத்திக்கொண்டு கைப்பிடியை நாலைந்து சுற்றுச் சுற்றி, விரலை எடுத்து, நரம்பை மெதுவாக உருவினால் பாதிச் சிக்குகள் தாமாகவே அவிழும்.

நரம்பு இப்படிப் பொங்குவதை அடக்கத்தான் மூன்று தடைகள் இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொள்ளாமல் விலை உயர்ந்த ரீல் வாங்குவதில் பயனில்லை. முதலாவது, கைப்பிடிப் பக்கம் இருக்கும் சிறிய திருகு. அது சுருளின் அச்சை இருமுனையிலும் நெருக்கிப் பிடிக்கிறது. இரண்டாவது, மையவிலக்குத் தடை. சுருளோடு சுற்றும் சிறு கட்டைகள் வெளிநோக்கித் தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசுகின்றன. வேகம் இருமடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதால் இது எறிதலின் தொடக்கத்தில் பலமாகப் பிடித்து, முடிவில் ஏறக்குறைய விட்டுவிடும். மூன்றாவது, காந்தத் தடை. அலுமினியச் சுருள் காந்தப் புலத்தில் சுழலும்போது எழும் சுழல் மின்னோட்டமே அதைத் தடுக்கிறது. இது வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடிக் குறைவதால் கடைசிவரை ஓரளவு பிடித்துக்கொண்டே இருக்கும். தொடங்குபவருக்கு நான் காந்தத் தடை உள்ளதையே சொல்வேன். பக்கத்தில் உள்ள குமிழைத் திருப்பினால் போதும், மூடியைக் கழற்ற வேண்டியதில்லை, காற்று மாறும்போதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். கை பழகியவர்கள் கடைசிப் பத்து அடிக்கு ஆசைப்பட்டு மையவிலக்கை விரும்புவது வேறு விஷயம்.

சீர்செய்யும் முறையைப் பெட்டிக்குள் இருக்கும் தாள் சுருக்கமாகச் சொல்லும். நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். எறியப்போகும் இரையைக் கட்டி, ராடை நெஞ்சு உயரத்தில் கிடையாகப் பிடித்து, பொத்தானை அழுத்தி இரையைத் தானே இறங்க விடுங்கள். திருகை இறுக்கி, இரை மெதுவாக இறங்கித் தரையைத் தொடும் கணத்தில் சுருளும் நிற்கும்படி வையுங்கள். காந்தக் குமிழை முக்கால் பங்கு ஏற்றுங்கள். இருபது முப்பது எறிதல் சிக்கில்லாமல் போனால் காந்தத்தை ஒவ்வொரு எண்ணாகக் குறையுங்கள். அதன்பின் திருகையும் தளர்த்தி, சுருளைப் பக்கவாட்டில் ஆட்டினால் மயிரிழை அசைவு மட்டும் தெரியுமளவில் நிறுத்திவிட்டால், அதற்குப் பிறகு திருகைத் தொடவே தேவையிராது. இரையை மாற்றினால் மீண்டும் பார்க்க வேண்டியது காந்தத்தைத்தான்.

கைப்பிடிப் பக்கத்தை மட்டும் கடையிலேயே முடிவு செய்தாக வேண்டும், ஏனெனில் பெய்ட்காஸ்டரில் அதைப் பின்னால் மாற்ற இயலாது. வலக்கையால் எறிபவர் வலக்கைப் பிடி ரீல் வாங்கினால் ஒவ்வோர் எறிதலுக்கும் ராடை இடக்கைக்கு மாற்ற வேண்டும். பழைய தலைமுறை அப்படித்தான் பழகியது. இப்போது தொடங்குபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இடக்கைப் பிடியை வாங்குங்கள்.

பல்சக்கர விகிதம், அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்குச் சுருள் எத்தனை முறை சுற்றுகிறது என்பது, பெட்டியில் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தாலும், நமக்கு வேண்டியது ஒரு சுற்றுக்கு எவ்வளவு நரம்பு உள்ளே வருகிறது என்பதுதான். முழுதும் நிரம்பிய சுருளின் விட்டம் 34 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 107 மில்லிமீட்டர், 5.4 விகிதத்தில் ஒரு சுற்றுக்கு 58 சென்டிமீட்டர், 6.3இல் 67, 7.4இல் 79, 8.1இல் 87 வரும். நரம்பு குறையக் குறைய விட்டமும் குறைந்து இந்த அளவுகள் சரியும். ஆகவே அரைச் சுருள் நரம்போடு மீன்பிடிப்பவர் தம்மை அறியாமல் மெதுவான ரீலை வைத்திருக்கிறார். ஆழத்தில் இறங்கி அதிரும் கிராங்க்பெய்ட் என்ற மீன் வடிவப் போலி இரையை நாள் முழுவதும் சுற்ற 5.4 அல்லது 6.3தான் மணிக்கட்டுக்கு நல்லது. அடியில் கிடக்கும் மென்புழு இரையையும், கனத்த தலையுள்ள முள்ளான ஜிக்கையும் ராடால் நகர்த்திவிட்டுத் தளர்ந்த நரம்பைச் சட்டென்று எடுக்க 7.4க்கு மேல் வேண்டும். ஒரே ரீல்தான் என்றால் ஏழுக்கு மேற்பட்டதை எடுப்பேன்; வேகமான ரீலை மெதுவாகச் சுற்றப் பழகலாம், மெதுவான ரீலோடு நம்மை நோக்கி நீந்திவரும் மீனைப் பந்தயத்தில் வெல்ல முடியாது.

இனி ராடு. கையில் உள்ள காசை ரீலுக்கும் ராடுக்கும் எப்படிப் பிரிப்பது என்றால், நான் ராடு பக்கம் சாய்வேன். சுமாரான ரீலைச் சீர்செய்து வேலை வாங்க முடியும். செத்த ராடை ஒன்றும் செய்ய முடியாது. வலு என்பது ராடு எவ்வளவு பாரத்துக்கு வளையும் என்பது. ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளையும் என்பது. நுனியில் மட்டும் வளைவது பாஸ்ட், நடுவரை வளைவது மாடரேட். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான தவறு. ஒரு நிறுவனத்தின் மீடியம் ஹெவி இன்னொன்றின் மீடியமாக இருக்கலாம், பொது அளவுகோல் எதுவும் கிடையாது. அதனால் பெயரை விட்டுவிட்டுக் கைப்பிடிக்கு மேல் பொடி எழுத்தில் உள்ள இரை எடையைப் படியுங்கள். கால் முதல் முக்கால் அவுன்ஸ் வரை, அதாவது 7 முதல் 21 கிராம் வரை என்று போட்டிருந்தால் அதன் நடுப்பகுதிதான் அந்த ராடு நன்றாக எறியும் எடை.

கார்பன் இழை ராடு எடை குறைந்தது, புழுவை மீன் தொடும் அந்த ஒரு தட்டலை உள்ளங்கைக்குக் கொண்டுவருவது. ஆனால் பக்கவாட்டு அடி தாங்காது. என் ராடு ஒன்றின் நுனியைக் கார் கதவு பறித்தது, இன்னொன்றை வீட்டுக் கூரை விசிறி. கண்ணாடி இழை ராடு கனமானது, மந்தமானது. அந்த மந்தம்தான் கிராங்க்பெய்ட்டுக்குத் தேவை. மூன்று முனை முள்ளை மீன் உறிஞ்சும்போது ராடு தாமதித்து வளைந்தால்தான் முள் வாய்க்குள் போகும். விறைப்பான ராடு அதை மீனின் வாயிலிருந்து பறித்துவிடும். பாசிமேல் இழுக்கும் தவளை வடிவ இரைக்கு நேர்மாறு: ஹெவி வலு, பாஸ்ட் ஆக்‌ஷன், ராடு தாமதித்து வளையக் கூடாது.

நரம்பு, கருவியில் பாதி. நைலான் மலிவு, இழுபடும். ப்ளூரோகார்பனின் அடர்த்தி 1.78 என்பதால் மூழ்கும். ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீரின் 1.33க்கு நைலானைவிட நெருக்கம் என்பதால் தெளிந்த நீரில் குறைவாகத் தெரியும். பாலிஎதிலீன் பின்னல் நரம்பு மிதக்கும், இழுபடாது, பாசியை அறுக்கும். ஆனால் வெறும் அலுமினியச் சுருளில் கட்டினால் மொத்தக் கட்டும் வழுக்கிச் சுற்றும். இதை அறியாமல் இழுவிசைத் திருகு கெட்டுவிட்டதென்று நினைத்து ஒரு ரீலை நான் முழுதாகப் பிரித்தேன். அடியில் பத்து கெஜம் நைலான், அல்லது ஒரு துண்டு மின்கம்பி டேப், போதும். ஸ்பின்னிங்கில் பத்துப் பவுண்டு பின்னல் நரம்பும் முனையில் ஆறேழு அடி ப்ளூரோகார்பனும் நான் பயன்படுத்தும் சேர்க்கை. டல்லாஸுக்குக் கிழக்கே உள்ள லேக் போர்க் ஏரியில் 1980இல் தண்ணீர் தேக்கப்பட்டபோது மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் விட்டார்கள். டெக்சஸ் சாதனையான 18.18 பவுண்டு பாஸ் 1992இல் வந்தது அங்கிருந்துதான். அந்தக் காய்ந்த மரங்களுக்கு நடுவே எட்டுப் பவுண்டு நரம்போடு போவது மீனுக்கும் நமக்கும் துன்பம். 17 அல்லது 20 பவுண்டு ப்ளூரோகார்பனோடு பெய்ட்காஸ்டர்தான் அங்கே பேச்சு. இழுவிசைப் பிடிப்பை நரம்பின் வலுவில் கால் பங்குக்குச் சற்று மேல் வையுங்கள். 14 பவுண்டு நரம்புக்கு நான்கு பவுண்டு, கையால் ஊகிக்காமல் ஒரு கொக்கித் தராசில் இழுத்துப் பாருங்கள்.

மாற்றியமைக்கும் ஆசை எல்லோருக்கும் ஓராண்டில் வந்துவிடும். கேள்வி, 80 டாலர் ரீலில் 60 டாலர் செலவழிப்பதா, 140 டாலர் ரீல் வாங்குவதா என்பது. பெட்டியில் பத்து பேரிங் என்று போட்டிருந்தாலும் எறியும் தூரத்தை முடிவு செய்பவை சுருளைத் தாங்கும் பேரிங்குகள்தான். மற்றவை கைப்பிடியிலும் பிற இடங்களிலும் இருப்பவை. அவற்றை மாற்றும் முன் இருப்பவற்றைக் கழற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் குலுக்கி, நன்றாகக் காயவைத்து, தொழிற்சாலையில் தாராளமாகப் போட்ட கொழுப்பு போனபின் ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, மெல்லிய எண்ணெய் விட்டுப் பாருங்கள். காசில்லாமல் கிடைக்கும் வித்தியாசம் இது. செராமிக் பேரிங் இதற்கு மேல் கொடுப்பது கொஞ்சம்தான். தடையைக் கூடுதலாக ஏற்ற வேண்டிய நிலையும் வரும், சத்தமும் கூடும்.

உடனே உணரக்கூடிய மாற்றம் கைப்பிடி. ஒரு குமிழிலிருந்து மறு குமிழ்வரை 90 மில்லிமீட்டர் நீளமுள்ள பிடியை 105 ஆக்கினால் அதே விசைக்கு ஆறில் ஒரு பங்கு கூடுதல் திருப்புவிசை கிடைக்கும். ஆழக் கிராங்க்பெய்ட் சுற்றுபவர் ஒரு மணி நேரத்தில் இதை அறிவார். துளையின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதைப் பார்த்து வாங்குங்கள். இழுவிசைத் தட்டுகள் கம்பளியாக இருந்தால் கார்பன் தட்டு போடுவது மலிவும் பயனும் உள்ளது. இலகுவான, ஆழம் குறைந்த சுருள் நான்கைந்து கிராம் இரையைப் பெய்ட்காஸ்டரில் எறிய வைக்கும். ஜப்பானில் வளர்ந்த அந்தக் கலை அழகானதுதான், ஆனால் அதே வேலையை உங்கள் ஸ்பின்னிங் ரீல் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது.

ராடில் கை வைப்பதாக இருந்தால் முதலில் நரம்பு செல்லும் வளையங்களைப் பாருங்கள். காது சுத்தம் செய்யும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்தின் உட்புறமும் சுழற்றுங்கள். பஞ்சிழை எங்காவது மாட்டி நின்றால் அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, காரணமில்லாமல் அறுந்த நரம்புகளுக்கெல்லாம் காரணம் அதுதான். நுனி வளையத்தைச் சூட்டில் உருகும் பசை கொண்டு வீட்டிலேயே மாற்றலாம். கைப்பிடியை வெட்டிக் குறைப்பதோ வளையங்களை இடம் மாற்றுவதோ உத்தரவாதத்தை இழக்கச் செய்யும். பழைய ராடில் செய்து பாருங்கள், புதியதில் வேண்டாம்.

அந்த 200 டாலருக்கு என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குடியிருப்புக் குளமும் பூங்காக் கரையும்தான் போகுமிடம் என்றால், ஏழடி மீடியம் பாஸ்ட் ஸ்பின்னிங் ராடுக்கு 60, 2500 என்ற அளவெண் போட்ட ரீலுக்கு 50, பின்னல் நரம்புக்கும் ப்ளூரோகார்பனுக்கும் சேர்த்து 25, ஐந்து அங்குல மென்புழு, முள், துப்பாக்கிக் குண்டு வடிவ ஈயம் இவற்றுக்கு 20. பதினேழு வயதாகிவிட்டால் டெக்சஸில் லைசென்ஸ் கட்டாயம், மாநிலவாசிக்கு நன்னீர்த் தொகுப்பு 30 டாலர். மீதி 15 டாலருக்கு நீண்ட மூக்குள்ள இடுக்கி ஒன்று. பெய்ட்காஸ்டரை அடுத்த ஆண்டு, இடக்கைப் பிடியோடு, பார்த்துக்கொள்ளலாம்.